ஸ்தேவானை அடக்கம் செய்தவர்கள்



இன்றைய முதல் வாசகம் பாதியில் நின்றுவிட்டது. கவனித்தீர்களா? ஸ்தேவான் மேல் கற்கள் விழுகின்றன, அவர் மன்றாடுகிறார், அத்தோடு வாசகர் முடித்துவிட்டு இறங்கிவிட்டார். வாசகப் புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. வீட்டுக்குப் போய்த் திருத்தூதர் பணிகள் நூலைத் திறந்து எட்டாம் அதிகாரத்துக்குள் இரண்டு வசனம் வாசியுங்கள். கடவுளுக்கு அஞ்சி நடந்த சிலர் ஸ்தேவானின் உடலை எடுத்து அடக்கம் செய்தார்கள், அவருக்காக வாய்விட்டு அழுதார்கள் என்று லூக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போகிறார்.

யார் அவர்கள்? பெயர் இல்லை. எத்தனை பேர் என்றும் இல்லை. கல்லெறிந்தவர்கள் கழற்றிப் போட்ட மேலாடைகளுக்குக் காவல் நின்ற இளைஞனின் பெயரைக்கூட லூக்கா எழுதி வைத்திருக்கிறார். சவுல். அடக்கம் செய்தவர்களின் பெயரைத்தான் காணோம். அன்றைக்கு எருசலேமில் திருச்சபைக்கு எதிராகக் கலகம் வெடித்திருந்தது, சீடர்கள் ஊரை விட்டுச் சிதறிக்கொண்டிருந்தார்கள். மக்கள் கூடிக் கல்லெறிந்து கொன்ற ஒருவருடைய உடலின் அருகே போய் நிற்பதே ஆபத்து. சிலர் அருகே போனார்கள், தூக்கினார்கள், குழி தோண்டினார்கள், பயந்து வாயை மூடிக்கொள்ளாமல் சத்தமாகவே அழுதார்கள்.

ஸ்தேவானின் துணிவைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் பேசுகிறோம். இந்த ஆண்டு அவரைத் தூக்கியவர்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும். இது டிசம்பர் 26, சுனாமி நாள்.

2004ஆம் ஆண்டில் இந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அதனால் அன்று ஸ்தேவான் விழா இல்லை, திருக்குடும்ப விழா. ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடுகிறான் என்று யோசேப்பு கனவில் எச்சரிக்கப்பட்டு, இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்ட நற்செய்திதான் அன்றைக்கு. நம் கடற்கரைக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் வரவில்லை. காலை 6.28 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பெயர்ந்தது. அலை நாகப்பட்டினத்தைத் தொடும்போது ஒன்பது மணியை ஒட்டியிருந்தது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, சகோதரர்களே. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை மையம் ஒன்று இல்லை. ஐதராபாத்தில் அது இயங்கத் தொடங்கியது 2007இல். இதைக் கடவுளின் சித்தம் என்று என்னிடம் சொல்ல வருபவர்களுக்கு நான் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நினைவுபடுத்துவேன்.

நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,065 பேர் என்பது அரசின் கணக்கு. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் கும்பிட வந்து, காலைப் பூசை முடித்துக் கடலில் கால் நனைக்கப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. பேராலயத்துக்குள் தண்ணீர் நுழையவில்லை என்று இன்றும் வியந்து சொல்கிறார்கள். சொல்பவர்களின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து மறையுரை செய்ய எனக்கு நாக்கு எழுவதில்லை. கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே நின்றவர்களும் அதே மாதாவின் பிள்ளைகள்தானே.

சென்ற மாதம், கல்லறைத் திருநாள் கழிந்த வாரத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். பெயர் சொல்லப்போவதில்லை. அடையாளம் தெரிந்துகொள்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். அவர் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். கையில் பழைய போட்டோ ஸ்டுடியோ கவர் ஒன்று. உள்ளே படங்களும் நெகட்டிவும்.

அந்தக் காலத்தில் அவர் ஸ்டுடியோ ஒன்றில் உதவியாளர். திருமணம், புதுநன்மை, மஞ்சள் நீராட்டு என்று போய்க்கொண்டிருந்தவர். கிறிஸ்துமஸ் இரவு நம் கோயில் குடிலைப் படம் எடுத்தார். ஃபிலிமில் பாக்கி இருந்தது. 26ஆம் தேதி மதியம் செய்தி வந்ததும் இங்கிருந்து இளைஞர்கள் ஒரு லாரியில் நாகைக்குக் கிளம்பினார்கள், உங்களில் சிலரும் அதில் இருந்தீர்கள். இவர் கழுத்தில் கேமரா கிடந்தது. கழற்றி வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நெகட்டிவைச் சன்னலில் பிடித்துப் பார்த்தேன். முதலில் குடில், சீரியல் விளக்கு, குழந்தை இயேசுவை முத்தமிட வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகள். அதே சுருளில், கத்தரிக்காமல், அடுத்த கட்டத்தில் அக்கரைப்பேட்டைப் பாலம். பாலத்தடியில் விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கிக் கிடக்கின்றன. பெத்லகேமையும் மாசற்ற குழந்தைகளின் கொலையையும் திருச்சபை ஒரே வாரத்தில் கொண்டாடச் சொல்வது ஏன் என்று குருமடத்தில் எங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அந்தச் சுருளைப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

மற்ற படங்கள்: கரையோரச் சீமைக்கருவேலங்காடு, முள்ளில் சிக்கிய சேலைகள். அந்தக் காட்டுக்குள் போய்த்தான் பலரை எடுத்தார்களாம். முள் ஒருபக்கம், நாற்றம் ஒருபக்கம். மூக்கில் கட்டிய துணிக்குள் கற்பூரம் வைத்துக்கொண்ட முகங்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டைகள். குழி வெட்டும் பொக்லைன். பாயைச் சுற்றி இருபுறமும் பிடித்திருக்கும் கைகள். இறந்தவர்களின் முகம் ஒரு படத்தில்கூட இல்லை. "தெரியாம விட்டுப்போச்சா, வேணும்னே எடுக்கலையா?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு எடுக்கறவன் சாமி நான். ஒருத்தங்கள எப்படி இருக்கும்போது எடுக்கணும், எப்படி இருக்கும்போது எடுக்கக் கூடாதுன்னு தொழில்லயே சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார்.

ஒரு படத்தைத் தனியே எடுத்து மேசையில் வைத்தார். நான்கைந்து பேர் முதுகு காட்டி நிற்கிறார்கள். கையுறை இல்லை, காலில் செருப்பும் இல்லை. "இவங்கதான் சாமி நெசமா வேல செஞ்சது. நாங்க ரெண்டு பேரு சேர்ந்து ஒருத்தரத் தூக்கிட்டு உக்காந்துருவோம். இவங்க உக்காரவே இல்ல." வெளியூர் நகராட்சிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். நாகைக் கரையில் அந்த நாட்களில் வேலை செய்த எவரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் தொண்டர்கள் தூக்கினார்கள், சேவாபாரதிக்காரர்கள் தூக்கினார்கள், நம் இளைஞர்களும் அருட்சகோதரிகளும் இருந்தார்கள். பரங்கிப்பேட்டை ஜமாஅத் சோறு சமைத்துக்கொண்டு ஓடியது. நாகூர் தர்கா தன் நிலத்தில் எந்த மதத்தவர் என்று கேட்காமல் இடம் கொடுத்தது. ஆனாலும் சுமையில் பெரும் பங்கு விழுந்தது சம்பளத்துக்கு வேலை செய்த, எந்தச் சாதியினர் என்று நாம் எல்லோரும் அறிந்த அந்த மனிதர்களின் தோளில். சகோதரர்களே, அதே கடற்கரையில், அதே வாரத்தில், சில முகாம்களில் தலித் மக்களோடு ஒன்றாகத் தங்க மாட்டோம், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க விட மாட்டோம் என்ற பேச்சும் எழுந்தது. பத்திரிகைகளில் வந்த செய்திதான், மறைக்க ஒன்றுமில்லை. செத்தவரைத் தொட ஒருவர் வேண்டும், உயிரோடு இருக்கும்போது அவர் பக்கத்தில் உட்காரக் கூடாது. நம் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் நடுச்சுவர் நிற்கும் ஊர்கள் உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வந்தவருக்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "இதை எரிச்சிடலாமா சாமி? வீட்ல வெச்சிருக்கறது பாவம் மாதிரி இருக்கு."

எரிக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று உங்களுக்கும் சொல்கிறேன்.

மாற்கு நற்செய்தியில் ஆண்டவரை அரிமத்தியா யோசேப்பு கல்லறையில் வைக்கும்போது, மகதலா மரியாவும் இன்னொரு மரியாவும் என்ன செய்தார்கள்? தூக்க அவர்களுக்கு வலுவில்லை, நறுமணப் பொருள் வாங்க நேரமில்லை. எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவே. ஆனால் அவர்கள் அன்று பார்த்துக்கொண்டதால்தான் ஞாயிறு விடியலில் வழி தெரிந்தது. பார்த்து வைப்பதும் அடக்கத்தின் ஒரு பகுதி. நாகையில் அடையாளம் தெரியாத உடல்களைப் புதைக்கும் முன் படம் எடுத்து வைத்தார்கள். அடுத்து வந்த வாரங்களில் தாய் தகப்பன்மார் வந்து அந்தப் படங்களைப் புரட்டித்தான் பிள்ளையை அறிந்துகொண்டார்கள். அந்த வேலையைச் செய்த புகைப்படக்காரரின் பணியைவிடக் கொடிய பணியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அதே வாரங்களில் அலையையும் பிணங்களையும் வி.சி.டி. போட்டு விற்றவர்களும் இருந்தார்கள். ஒரே கருவிதான். ஒருவர் இறந்தவருக்காகப் பார்த்தார், இன்னொருவர் நமக்கு வேடிக்கை காட்டப் பார்த்தார். கஜா புயலுக்குப் பிறகு, 2018இல், ஐந்து கிலோ அரிசியைக் கொடுக்கும் கையும் வாங்கும் கையும் தெரிய செல்ஃபி எடுத்தோமே, அது எந்த வகை? அந்த அரிசியை வாங்கிய அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அந்தப் படத்திலேயே பதிவாகியிருக்கும். எடுத்துப் பாருங்கள்.

ஆனால் எரிக்கலாமா என்ற கேள்விக்குள் வேறொரு கேள்வி இருந்தது. அது அவர் மனைவி வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் அவர் தனியாக வந்தார். "ஞாயித்துக்கெழம எல்லா வீட்லயும் மீன் கொழம்பு கொதிக்குது சாமி. எங்க வீட்ல மீன் சட்டி அடுப்புல ஏறி எத்தன வருசமாச்சு. புள்ளைங்க பாட்டி வீட்டுக்குப் போயித்தான் தின்னும். அங்க என்ன நடந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. போட்டோ இருக்குன்னே எனக்குத் தெரியாது." அடக்கப் பூசைக்கு வந்தால் அவர் கணவர் கோயிலுக்குள் வருவதில்லை, வேப்பமரத்தடியில் நிற்பார். திமிர் என்று சொன்னவர்கள் நம்மில் உண்டு. தூபத்தின் புகை. அங்கே நாற்றத்தை மறைக்க ஊதுபத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தி வைத்திருந்தார்களாம். அந்த வாசனை இப்போது அவரைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

இந்த இடத்தில் தோபித்தைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. இறந்தோரை அடக்கம் செய்வதை ஏழு இரக்கச் செயல்களில் ஒன்றாக மறைக்கல்வியில் படித்தீர்கள். மத்தேயு 25இல் இருப்பவை ஆறுதான்: பசி, தாகம், அந்நியர், ஆடையின்மை, நோய், சிறை. ஏழாவது தோபித்திடமிருந்து வந்தது. நினிவேயில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த அந்த மனிதர், பெந்தக்கோஸ்து விருந்துக்கு உட்கார்ந்த வேளையில், நம் இனத்தான் ஒருவன் கொல்லப்பட்டுச் சந்தையில் கிடக்கிறான் என்று மகன் வந்து சொல்கிறான். சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனார். பொழுது சாய்ந்ததும் குழி தோண்டிப் புதைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள், இதற்காகத்தானே முன்பு உயிருக்குப் பயந்து ஓடினான், இன்னும் புத்தி வரவில்லை என்று.

இதுவரைக்கும் நமக்குத் தெரியும், படம் போட்டு மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அடுத்ததை நாம் சொல்வதில்லை. அன்றிரவே, புதைத்துவிட்டு வந்து முற்றத்தில் படுத்த அந்த இரவிலேயே, குருவியின் எச்சம் கண்ணில் விழுந்து தோபித்தின் பார்வை மங்கத் தொடங்குகிறது. மருத்துவரிடம் போகிறார், கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் குருடராக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி அன்னா நெசவு செய்து வீட்டைக் காப்பாற்றுகிறாள். கூலியோடு ஒரு ஆட்டுக்குட்டியும் கிடைத்தது என்று அவள் கொண்டு வந்தால், திருடிக்கொண்டு வந்தாயா என்று சந்தேகப்படுகிறார். எங்கே போயின உன் தானதருமம் எல்லாம் என்று அவளும் பொறுக்க மாட்டாமல் திருப்பிக் கேட்டுவிடுகிறாள். கடைசியில், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் அழுகிறார்.

நல்லது செய்தவருக்கு நல்லதே நடக்கும் என்று சொல்லும் புத்தகம் இல்லை இது. நல்லது செய்தவரின் கண், நல்லது செய்த அன்றிரவே கெட்டது என்று திருவிவிலியம் கூசாமல் எழுதி வைத்திருக்கிறது. எரிச்சல், சந்தேகம், மனைவியோடு சண்டை, சாக வேண்டும் என்ற நினைப்பு. மீட்புப் பணிக்குப் போய் வந்த எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து வந்து கரையோர மக்களோடு பேச, ஊர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள், நல்ல வேலை. உறவை இழந்தவரிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தோன்றியது நமக்கு. தூக்கிவிட்டு வந்தவரிடம்? "பெரிய புண்ணியம் செஞ்சிட்டு வந்திருக்கீங்க" என்று சால்வை போட்டோம். சால்வை போட்ட பிறகு அவர் என்ன சொல்ல முடியும்? தூக்கம் வரவில்லை என்று சொன்னால் புண்ணியம் கெட்டுவிடாதா?

தோபித்துக்குக் கடவுள் செய்ததைப் பாருங்கள். தூதரை அனுப்பினார், ஆனால் ஒளியோடும் எக்காளத்தோடும் இல்லை. நாள் கூலி பேசிக்கொண்டு மகனோடு வழித்துணையாகப் போகும் ஆள் வேடத்தில் இரபேல் வந்தார். திக்ரீசு ஆற்றில் இறங்கிய பிள்ளையின் காலை விழுங்கத் தண்ணீரிலிருந்து ஒரு மீன் பாய்கிறது. தப்பி ஓடு என்று அவர் சொல்லவில்லை, பிடி என்கிறார். அந்த மீனின் பித்தப்பைதான் பின்னாளில் தகப்பனின் கண்ணுக்கு மருந்தாகிறது. மகனே தன் கையால் தடவுகிறான்.

நம்மவருக்கும் மருந்து இப்படித்தான் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். யாருக்கு எது எப்போது ஆறும் என்பது என் கணக்கில் இல்லை. மீன் சாப்பிடுங்கள் என்று அவரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், சாப்பிடாமலே அவர் மோட்சம் போகலாம். ஆனால் துணைக்கு ஒருவர் கூட நடக்கலாம். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று நம் அன்பியக் கூட்டங்களில் யாராவது சொன்னால், தோபித்தும் மருத்துவரைத் தேடிப் போனார் என்று சொல்லுங்கள். அவருக்குக் குணமாகாதது மருத்துவரின் பிழையாக இருக்கலாம், போனது பிழை என்று புத்தகம் சொல்லவில்லை.

சென்ற ஞாயிறு மாலை அவர் வீட்டில் அந்தப் படங்களை மேசையில் பரப்பினோம். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், நான். அன்று லாரி ஓட்டிப் போனவரையும் அழைத்திருந்தோம். சேலைப் படம் வந்ததும் லாரிக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார், பிறகு தானாக வந்து உட்கார்ந்தார். மகள்தான் நிறையக் கேட்டாள், பிள்ளைகளுக்கே உரிய நேர்க்கேள்விகள்: "ஒங்களுக்குப் பயமா இல்லையாப்பா?" "ராத்திரி எங்க படுத்தீங்க?" அவர் பதில் சொன்னார். எல்லாவற்றுக்கும் இல்லை. மனைவி ஒரு படத்தைக் கையில் எடுத்து, அதில் பாயின் ஒரு முனையைப் பிடித்திருக்கும் கையைக் காட்டி, "இது ஒங்க கைதானே?" என்றார். வாட்சை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். கல்யாணத்துக்கு அவர் வீட்டில் போட்ட வாட்ச்.

படங்கள் பங்கு ஆவணப் பெட்டியில் இருக்கும், சுவரில் மாட்டப் போவதில்லை. பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர் என்னிடம் கேட்கலாம், அவர் சம்மதித்தால் அவரே உட்கார்ந்து காட்டுவார். அன்று லாரியில் போனவர்கள், 2018இல் வேதாரண்யம் பக்கம் போனவர்கள், பூசை முடிந்து பங்கு மன்றத்துக்கு வாருங்கள். டீ இருக்கிறது. சால்வை கிடையாது. உங்கள் மனைவிமாரையும் அழைத்து வாருங்கள், அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும். தூபம் போடும் நேரத்தில் பக்கக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று வின்சென்ட் தே பவுல் சபையினரைக் கேட்டிருக்கிறேன், இனி எல்லா அடக்கப் பூசைக்கும். வெளியே நிற்பவரைப் பார்த்து யாரும் முணுமுணுக்க வேண்டாம்.

இன்று விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்று கூடுதலாக வரும். செருப்பில்லாமல் முதுகு காட்டி நிற்கும் அந்தத் தொழிலாளர்களுக்காக. எழுதித் தந்தது படம் எடுத்தவர், வாசிக்கப் போவது அவர் மகள். எழுந்து நிற்போம்.